எண்ணெய்க்குள் இருந்த காற்று

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து, நாமக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயந்திரப் பராமரிப்புக்குச் சேர்ந்தேன். மைதானத்தில் புல் வெட்டும் வண்டியை ஓட்டுபவர் செல்வியக்கா. அந்த வண்டிக்குக் கியர் கிடையாது. இரண்டு கைப்பிடிகளைத் தள்ளினால் எண்ணெய் அழுத்தத்தில் சக்கரங்கள் சுற்றும்.

அந்த எண்ணெயை நான் மாற்றிய மறுநாள் வண்டி முனகியது, நகரவில்லை.

"ஏர் புடிச்சிருக்குதுங்க தம்பி. எங்கூட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில இப்பிடி ஆனா ஏர் எடுப்பாருங்க," என்றார் அக்கா. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்கிறார்.

"அது டீசல் வண்டிக்குங்க்கா, டீசல் லைன்ல காத்து அடைச்சா எடுக்கறது. இது பெட்ரோல்," என்று சிரித்தேன். அக்காதான் முரட்டுத்தனமாக ஓட்டிக் கெடுத்துவிட்டார் என்று மேலாளருக்கு எழுதியும் கொடுத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டை மூடி வைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், கடைசியில் வண்டியின் கையேட்டைப் பிரித்தேன். எண்ணெய் மாற்றியதும் உள்ளே தங்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்றிருந்தது. அக்கா டீசலைச் சொல்லவில்லை, எண்ணெயைச் சொல்லியிருக்கிறார்.

பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எண்ணெயைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறந்து, இன்ஜின் ஓட ஓடக் கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளினேன். வால்வை மூடி மறுபடியும் தள்ளினேன். முனகல் அடங்கியது. நேராக மேலாளரிடம் ஓடினேன்.

"தப்பு என்னுதுங்க சார்."

"அதையும் எழுதிக் குடு," என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுநாள் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "ஏர் போயிருச்சுங்க்கா," என்றேன்.

"வண்டிக்குப் போயிருச்சு. உங்களுக்குப் போயிருச்சுங்களா தம்பி?"

படித்தவன் என்ற காற்று இன்னும் முழுதாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.