சாகவில்லை, ஒட்டவில்லை

பையைத் திறந்தபோது கொழுந்தெல்லாம் செம்பு நிறமாகியிருந்ததும், அக்கா அதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததும் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் கிள்ளிய கொழுந்து அது. முட்டைக்கோஸ் மூட்டைகளோடு என் லோரியில் ஏறி, கோலாலம்பூரில் அவள் படித்த பல்கலைக்கழகத்தை அடைவதற்குள் நசுங்கி வதங்கிவிட்டது.

அம்மாவுக்கு இளவயதிலேயே முன்பற்கள் போய்விட்டன. அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அக்கா பல்லைக் கெடுக்கும் கிருமியை ஆராயப் போனாள். அந்தக் கிருமி சர்க்கரையைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பசை செய்வது அதனிடமுள்ள ஒரு நொதி. தேயிலையின் துவர்ப்புச் சத்து அந்த நொதியை முடக்கிவிடும் என்று எனக்கு விளக்கியிருந்தாள். ஆனால் எங்கள் இலைச் சாற்றை வைத்துச் செய்த சோதனைகள் தோற்றுக்கொண்டே இருந்தன. வேறு தலைப்பைப் பார்க்கும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த விடுமுறையில் அவள் தோட்டத்து ஆலைக்குப் போய், உருட்டிய இலை பழுப்பாவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இலைக்குள்ளும் ஒரு நொதி உண்டு. நசுங்கியதும் அது துவர்ப்புச் சத்தை மாற்றிவிடுகிறது. தேயிலைத் தூளுக்கு அதுதான் வேண்டும். அக்காவுக்கு அதுதான் கெடுதல். வீட்டுக்கு வந்தவள் புதுக் கொழுந்தை இட்லிச் சட்டியில் பரப்பி ஆவி காட்டினாள்.

“இட்லி ஊத்துற சட்டியில தழைய வேக வைக்கிறியே,” என்று அம்மா முகம் சுளித்தாள்.

“இலையோட நொதி அடங்குனாத்தாம்மா, இது கிருமியோட நொதிய அடக்கும்.”

உலர்த்திக் கொண்டுபோன அந்தக் கொழுந்து, போய்ச் சேரும்வரை பச்சையாகவே இருந்தது.

பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள். “தம்பி, கிருமி சாகல லா. உயிரோடதான் இருக்கு. ஆனா கண்ணாடிக் குழாயில ஒட்ட மாட்டேங்குது.” சாகாதது எப்படி வெற்றியாகும் என்று கேட்டேன். பல்லில் ஒட்ட முடியாத கிருமியை எச்சிலே அடித்துக்கொண்டு போய்விடும் என்றாள்.

இன்று அக்காவுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அந்தச் சாற்றிலிருந்து வாய் கொப்பளிக்க ஒரு நீர் செய்துகொண்டிருக்கிறாள். கண்ணாடிக் குழாயில் பலிப்பது வாயிலும் பலிக்குமா என்று இன்னும் தெரியாது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, போன பல் இதனால் முளைக்குமா என்று அம்மா கேட்டாள். முளைக்காது என்று அக்கா ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்போ யாருக்குத்தான் ஆவும்?”

“இப்ப நம்ம லயத்து வீடுங்கள்ல பல்லு முளைக்கிற புள்ளைங்களுக்கு.”

அம்மா அக்காவின் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள்.

“அப்போ இங்க உக்காந்து பலகாரம் தின்னுக்கிட்டு இருக்காத. போய் வேலையப் பாரு.”