மழை டப்பாவில் பெய்யாத மழை

கட்டை விரல் பருமனில், பக்கவாட்டில் கோடு கோடாகக் கீறிய ஒரு கண்ணாடிக் குழாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த தாலுகாக் கச்சேரியில் அது என் பொறுப்பில் இருந்தது. காலை எட்டு மணிக்கு, முள்வேலிக்குள் நட்டு வைத்திருந்த செப்புப் பாத்திரத்தைத் திறந்து, உள்ளே நீர் இருந்தால் அந்தக் குழாயில் ஊற்றி, எத்தனையாவது கோடு என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழைமானி என்று இப்போது பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அன்று ஊர்க்காரர்கள் அதை மழை டப்பா என்றார்கள், என்னை மழைக் குமாஸ்தா என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து வானத்துக்கு முக்கால்வாசி நாள் எழுத வேண்டியது பூஜ்யம்தான். ஆனாலும் சர்க்காருக்கே மழைக் கணக்குச் சொல்கிறவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அந்த மிதப்பு இறங்கும் இடம் மாமனார் வீடு. இறக்கியவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததுமே வயிறு எரிகிறது. எழுபது வயதிலும் எரிகிறது.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிப்புக் கிடையாது. கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு. சந்தை நாளில் சாமான் வாங்கி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். வண்டிகள் அவிழ்த்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் போய், வெளியூர் வண்டிக்காரர் ஒவ்வொருவரிடமும், "ஒங்க பக்கம் காத்து எப்படிண்ணே? சாயந்தரம் இடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே திரிவார். வேலையற்ற பேச்சு என்று நினைத்தேன். பங்குனி பிறந்தால் மாமனார் எங்கள் இருவரையும் சாப்பாட்டுக்கு அழைப்பார். இலையில் உட்கார்ந்ததும், "சின்ன மாப்ள, இந்தக் கோடை எப்படி? காத்து மழை உண்டா?" என்று அவரைத்தான் கேட்பார். பக்கத்து இலையில் மழைக் குமாஸ்தா நான் வாயில் சோற்றோடு இருப்பேன். என் பக்கம் திரும்பினால், "பெரிய மாப்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்துங்க" என்பார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

ஒரு வருஷம் மாமனார் கரிசலில் பருத்தி நன்றாகக் காய்த்திருந்தது. அந்தப் பருத்தியை நம்பித்தான் அவருடைய கடைசி மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பாதிக் காய் வெடித்திருந்தது, மீதி வெடிக்க வேண்டும். அதற்குள் சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே மதுரைக்கு வண்டி கட்டிவிடும். நாலைந்து நாளைக்குப் பருத்தி எடுக்க ஆள் கிடைக்காது.

"சனங்க கெளம்பறதுக்குள்ள எடுத்துருங்க மாமா. ஆண்டிபட்டிப் பக்கம் நாலு நாளா பொழுது சாய இடிக்குதாம். இங்கயும் வரும்" என்றார் சகலை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பதிவேட்டைப் பாத்துட்டுத்தான் சொல்றேன் மாமா. அழகர் எறங்குற வாரத்துல இங்க மழை பேஞ்சதா ஒரு வருஷமும் பதிவு இல்ல. அரைக்காயப் பறிச்சு வெலையக் கெடுத்துக்காதீங்க. திருவிழா முடியட்டும்" என்றேன்.

பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் நான் பதிவேட்டைப் புரட்டியது மழைக்காக அல்ல. சகலை பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். மாமனார் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தார். "சர்க்கார் கணக்கு தப்பாது. பெரிய மாப்ள சொல்றபடியே செய்வோம்" என்றார். அன்று ரசம் கூட எனக்குப் பாயசமாக இருந்தது. சகலை "சரி மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். அவர் முகம் கொஞ்சமாவது கோணும் என்று பார்த்தேன், கோணவில்லை. அதில் எனக்குக் குறைதான்.

ஊர் காலியான மறுநாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. கச்சேரி வாசலில் புழுதி சுழன்றடித்தது, கூரை ஓடு இரண்டு பறந்தது. மழை மட்டும் விழவில்லை. விழக் கூடாது என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் டப்பாவைத் திறந்தால் உள்ளே காய்ந்த புழுதி. குழாய்க்கு வேலையே இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். அந்தப் பூஜ்யத்தை ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி எடுத்துக்கொண்டு, சகலையை வைத்துக்கொண்டே மாமனாரிடம் காட்ட வேண்டும் என்று அவர் ஊருக்கு மூன்று மைல் நடந்தேன்.

பாதி வழி வரை செருப்பில் புழுதி. ஊர் எல்லைப் பிள்ளையார் கோவில் தாண்டியதும் பாதையில் தண்ணீர் நின்றது. வேப்பங்கொப்பு முறிந்து குறுக்கே கிடந்தது. பருத்திக் காட்டில் மாமனார் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். ஆலங்கட்டி அடித்து, வெடித்த பருத்தி எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. சகலை விடியும் முன்பே வந்திருக்கிறார். அவரும், கல்யாணத்துக்கு இருந்த கொழுந்தியாளும் குனிந்து, சேற்றுப் பருத்தியைப் பொறுக்கிப் பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது வாய் திறந்து சொன்னது இதுதான்: "ஆபீஸ் டப்பாவுல ஒரு சொட்டு விழல மாமா." கையில் அந்தக் காகிதம் வேறு.

கொழுந்தியாள் நிமிர்ந்தாள். "ஒங்க டப்பாவுல பேயாதது எங்க குத்தமா அத்தான்?"

சகலை நிமிராமலே சொன்னார்: "விடு தாயி. அண்ணன் கணக்குல தப்பில்ல. அங்க பேயல, இங்க பேஞ்சிருச்சு. அம்புட்டுத்தான்."

அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது. அதுவரை கொழுந்தியாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தால் செம்பைக் கையில் தராமல் தரையில் வைத்தாள்.

மறு பங்குனியில் அதே சாப்பாடு. மாமனார் வழக்கம்போல் சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அண்ணனைக் கேளுங்க மாமா" என்றார் அவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை வருஷம் ஏங்கிய கேள்வி அது! ஒரு வண்டிக்காரரிடம் கூட நான் பேசியதில்லை. "எனக்குத் தெரியல மாமா" என்றேன். மாமனார் தன் மனைவியைப் பார்த்து, "பாத்தியா, சின்ன மாப்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு!" என்றார்.

சகலை காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது ரேடியோவில் சொல்கிறார்கள், உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம் என்று. "தம்பி இருந்திருந்தா எந்த எடம்னு சொல்லியிருக்கும்" என்கிறாள் என் மனைவி. ஆமாம், சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, எதுக்கும் அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க என்றும் சொல்லியிருப்பார். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.