பாய்லர் விரிசலும் குரல் பரிசோதனையும்

குரலைக் கோடாக்கிப் பார்க்கிற வேலை இருக்கிறதே, அதில் முதலில் கெட்டுப்போவது கருவியல்ல, நம்ம பொறுமைதான். என்னைப் போல மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்குத் தெரியும். எழுபதுகளில் காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். பேச்சில் எந்த அதிர்வெண் தூக்கல், எது கம்மி என்று காகிதத்தில் வரைந்து காட்டும் கருவி எங்களிடம் இருந்தது. அது ஆளையே காட்டிக்கொடுக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு.

முதல் டேப்

கோட்டையூர்ப் பக்கத்து ரைஸ்மில் மேனேஜர் ஒரு டேப்போடு வந்தார். முதலாளி வீட்டுக்கு எவனோ பேர் சொல்லாமல் போன் பண்ணுகிறானாம். ரிசீவரோடு டேப் ரிக்கார்டரை ஒட்டி வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஆள் தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்க வேண்டுமாம். ஓடவிட்டேன். "பாய்லர்ல விரிசல் விட்டிருக்கு. வெடிச்சா அம்புட்டுப் பேரும் போயிருவாக" என்றது குரல். பாய்லரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அதை நாங்க பாத்துக்கிறோம். நீங்க குரல் யாருதுன்னு மட்டும் சொல்லுங்க."

மைக் முன்னால்

போனில் வரும் குரலில் பாதி அதிர்வெண் காணாமல் போய்விடும். மில் ஆட்கள் எல்லாரும் அதே வார்த்தைகளைச் சொன்னால்தான் ஒப்பிடவாவது முடியும் என்றேன். மறுநாள் ஒரே ஒரு ஆளைக் கூட்டிவந்தார். பாய்லருக்கு உமி தள்ளும் கருப்பையா. எல்லாரையும் என்றால் ஒருத்தரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தமாச் சொல்லுடா" என்று மேனேஜர் அதட்ட, கருப்பையா மைக்கை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இதையேதான போன வாரம் உங்க முன்னாடி நின்னு சொன்னேன். வாயை மூடுடான்னீக. இப்ப மைக்குல சொல்லச் சொல்றீக."

மேனேஜரின் கோடு

கருப்பையா மைக்கில் சொன்ன கோடு டேப்பின் கோட்டோடு ஒட்டவில்லை. பயந்த தொண்டையில் சுருதி ஏறும் என்பதால் அதையும் முழுசாக நம்ப முடியாது. ஒப்பிட நீங்களும் சொல்லுங்கள் என்று மேனேஜரைப் பிடித்து உட்கார வைத்தேன். கருப்பையாவைவிட இவர் கோடுதான் டேப்போடு நெருங்கி வந்தது! இதை வைத்து எவரையும் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முதலில் உங்களைத்தான் நிறுத்த வேண்டும் என்றேன். மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"மிஷினு ரிப்பேர் போல."

இரண்டாவது டேப்

அந்த வாரமே கருப்பையாவை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர். அநியாயம்! கொஞ்ச நாளில் மேனேஜர் இன்னொரு டேப்போடு வந்து நின்றார். போட்டேன். அதே குரல். விரிசல் பெரிசாகிவிட்டது என்றது. பாய்லரை நிறுத்தினீர்களா என்றேன். இல்லையாம், அறுவடை நேரமாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ தெளிவாப் பதிஞ்சிருக்கு, சார். இப்பவாச்சும் ஆளைச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் கத்திய கத்தல் யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க, அந்தக் கல்லூரியில் ஒருத்தருக்கும் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.