தண்ணீரில் விழும் ஸ்பானியத் தளபதி

சிட்னி துறைமுகத்தில் டிக்கெட் போட்டுக் கடற்கொள்ளை காட்டுகிறார்கள். ஆங்கிலேயர்கள் ஸ்பானியக் கப்பலைச் சூறையாடிவிட்டு, பறிகொடுத்த தளபதியையே தண்ணீரில் தள்ளுகிறார்கள். "அடப்பாவிகளா!" என்கிறேன்.

காட்சி முடிந்ததும் தளபதி தொப்பியைப் பிழிந்தபடி வருகிறார். "தமிழோ அண்ணை?" யாழ்ப்பாணத்துக்காரர்.

"கொள்ளையடிச்சது அவங்க, விழறது நீங்களா?"

"அவையிட்ட, ஸ்பானியக் கப்பலைக் கொள்ளையடிக்கலாம் எண்டு ராணி குடுத்த கடிதம் இருக்கெல்லே. கடிதம் இருந்தா கொள்ளைக்காரன் இல்லை, வீரன். கதையில அப்பிடித்தான்."

"உங்ககிட்ட?"

"நான் ஒண்டும் களவெடுக்காமல் படகில வந்தனான். அதால இன்னும் டெம்பரரி விசாதான். போட்டு வாறன் அண்ணை."

அடுத்த காட்சி. அவர் கப்பல் தெரிந்ததும் "திரும்பிப் போ" என்று கத்தும்படி ஒலிபெருக்கி குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பெற்றோர்கள் முந்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.