ஆதிமொழிப் பந்தயம்

மனிதன் முதன்முதலில் பேசியது தமிழ்தான் என்பதில் என் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சேலத்திலிருந்து எருமப்பட்டிக்கு விருந்தாக வந்த என் தாய்மாமன் அது சமஸ்கிருதம் என்று சொல்லிவிட்டார். அன்று இலையில் போட்ட சோறு ஆறிப்போனது.

"யாரும் சொல்லிக் குடுக்காம ஒரு கொழந்தை எதைப் பேசுதோ, அதுதானுங்க மச்சான் மொதல் பாஷை" என்றார் மாமா.

வீட்டின் இளைய மருமகளான சின்னம்மாவின் கைக்குழந்தை அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தது. அதன் காதுபட யாரும் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு போட்டார். பெற்றவளை யாரும் கேட்கவில்லை. மீறுகிறவர்களைக் காட்டிக்கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

வெந்நீர் கேட்டு அதட்ட வந்த பெரியப்பா, சின்னம்மாவின் இடுப்பில் குழந்தையைக் கண்டதும் அடங்கி, தலையில் ஊற்றிக்கொள்வதுபோல் கையைக் காட்டினார். அவள் நிதானமாகப் போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியம்மா மாவாட்டச் சொல்லிக் கையைச் சுழற்றினாள். சின்னம்மா அதைக் குழந்தைக்கு வேடிக்கை காட்டினாள். தூங்கினால்கூடக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதில்லை. என்ன பாசம் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள்.

கோழியைக் கூப்பிடுவது மட்டும் பேச்சில் சேராது என்பது பெரியப்பா கொடுத்த விலக்கு. சில மாதம் கழித்து மாமா மறுபடி வந்திருந்த ஒரு காலையில், சின்னம்மா தவிட்டைக் கையில் எடுக்குமுன்பே இடுப்பிலிருந்த குழந்தை "பா, பா, பா" என்றது. கோழிகள் ஓடிவந்தன.

"கேட்டீங்களா மாப்பிள்ள? பா. பாட்டுக்குத் தமிழ்ல அதுதான் பேரு" என்றார் பெரியப்பா.

"அது கோழிக்குப் போடுற சத்தமுங்க, மச்சான்."

"கோழியும் தமிழ்க் கோழிதான்."

மாமா சேலம் போகும் அடுத்த மோட்டார் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். உத்தரவு அங்கேயே ரத்தானது. "அம்மிணி, வெந்நி எங்க?" என்று சின்னம்மாவை அதட்டினார் பெரியப்பா. "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று பெரியம்மா உள்ளிருந்து கத்தினாள். இத்தனை மாதம் பாக்கியிருந்த அதட்டல்கள் எல்லாம் சேர்ந்து வந்தன.

சின்னம்மா குழந்தையின் வாயை உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள். "இன்னுங் கொஞ்ச நாள் பேசாம இருந்திருக்கக் கூடாதா, சாமி?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

குழந்தை பேசினால் எந்தத் தாயாவது அழுவாளா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கோழி காலைக் கொத்தியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் வெளியே துரத்திவிட்டேன்.