மாதா எண்ணெய் தடவிய தோட்டாக்கள்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் எங்கள் வீடு. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் எங்கள் வீட்டில் எண்ணெய் போடாத பொருளே கிடையாது. கதவுக் கீல், பூட்டு, சைக்கிள் செயின், அம்மாவின் தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் அப்பா சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து எண்ணெய் போடுவார். பீரோவில் இருந்த சின்னத் துப்பாக்கிக்கும் போடுவார். அதோடு விட்டாரா? அதன் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து வைப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்ணெய் போட்டால் எதுவும் கெடாது என்பதுதான் நான் அறிந்த விஞ்ஞானம்.

அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் வைத்திருந்தார். வெட்டுக்கூலியைக் கையில் எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லை கொல்லையாகப் போக வேண்டியிருந்ததால் முறைப்படி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ரிவால்வர் அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். இடுப்பில் செருகி மேலே சட்டையை விட்டால் வெளியே தெரியாது. எனக்குத் தெரிந்து அவர் அதால் சுட்டதே இல்லை. வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு இருந்த மரியாதைகூட அதற்கு இருந்ததில்லை.

சித்தப்பாவை ஒருவன் கொன்ற பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. சித்தப்பா புதுச்சத்திரம் பக்கம் இறால் பண்ணை போட்டிருந்தார். கெமிக்கல் கழிவை ஓடையில் கொட்ட வந்த டேங்கர் ஒன்றை அவர் வழிமறித்தார். டேங்கர் முதலாளி வண்டியிலிருந்து இரும்பு ராடை உருவிக்கொண்டு இறங்கினான். அப்பா அங்கேதான் இருந்தார், கொஞ்சம் தள்ளி. ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கென்று ரிவால்வர் வீட்டுப் பீரோவில் இருந்தது. வழக்கு சிதம்பரம் கோர்ட்டில். அப்பாதான் முக்கிய சாட்சி. டேங்கர்காரன் ஜாமீனில் வெளியே வந்து, சாட்சி சொன்னால் அண்ணனும் தம்பி போன இடத்துக்கே போவான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சித்தப்பா போனதிலிருந்து அப்பா மாதா கோயில் பூசைக்கு வருவார், ஆனால் வாய் திறக்க மாட்டார். வீட்டில் செபமாலை சொல்லும்போதும் சுவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். சாட்சி சொல்லும் நாள் குறித்து வந்ததும், பழைய தோட்டாவை நம்ப முடியாது என்று சென்னைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வகை வாங்கி வந்தார். ஒன்றுக்கு மூக்கு உருண்டையாக இருந்தது. இன்னொன்று மொட்டைத் தலை. எது சரிப்படும் என்று சுட்டுப் பார்க்க வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்துவிட்ட என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டார்கள். அப்படித் தோப்பில் சுடுவதே சட்டப்படி தப்பு என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

"இவளையும் கூட்டிக்கினு போங்க" என்றாள் அம்மா. துப்பாக்கி சுடுகிற இடத்துக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று அப்பா முறைத்தார். அம்மா என் தலையை வாரிவிட்டுக் காரில் ஏற்றிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மண்கரை ஒன்றுக்கு முன்னால், வெம்பிப்போன பலாப்பழங்களை மாமா வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். முதலில் பழைய தோட்டா. நான் காதைப் பொத்திக்கொண்டேன். டொக். அவ்வளவுதான்.

"கைய எறக்காத மச்சான், அப்படியே நில்லு" என்றார் மாமா. கொஞ்ச நேரம் பொறுத்து, தோட்டாவை வெளியே எடுத்து என்னிடமும் காட்டினார். அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. "ஊசி சரியாத்தான் குத்தியிருக்கு. எண்ணெய் உள்ள எறங்கி மருந்து செத்துப் போச்சு. தோட்டாவுக்குப் போயி எவனாவது எண்ணெய் போடுவானா? உன்னயெல்லாம் வச்சிக்கினு…"

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. எண்ணெய்ப் பைத்தியம் என்று அம்மா சொல்வது சரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புதுத் தோட்டாக்கள் காது கிழிய வெடித்தன. உருண்டை மூக்குத் தோட்டா ஒரு பழத்தைத் துளைத்து, பின்னால் இருந்த பழத்தையும் துளைத்துக் கரையில் போய்ப் புதைந்தது. மொட்டைத் தோட்டா முதல் பழத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமா பழத்தைப் பிளந்து, சுளைகளுக்கு நடுவில் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தார். அந்தச் சுளையைத் தின்னலாமா என்று நான் கேட்டேன்.

"மொட்டையே இருக்கட்டும் மச்சான். கோர்ட்டு வாசல்ல கூட்டம் ஜாஸ்தி. ஊடுருவிப் போறது பின்னால நிக்கிற புள்ளகுட்டி மேல பட்டுதுன்னா பாவம்" என்றார் மாமா. அப்பா தலையாட்டினார். பிறகு, பிளந்த பழத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"எவ்ளோ கிட்ட போனா தப்பாம படும்?"

மாமா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அடிக்க வர்றவன் அவனா உன் கிட்ட வருவான் மச்சான். நீ எதுக்குப் போற?"

அப்பா ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். திரும்பும்போது காரில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஓட்டைவாய். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததுமே அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அப்பா கேட்ட கேள்வி, மாமா சொன்ன பதில் வரைக்கும். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "எண்ணெ பட்டா வெடிக்காதுன்னா சொன்னாரு உங்க மாமா? எங்க பட்டா?" என்று கேட்டாள்.

"பின்னாடி, நடுவுல ஒரு வட்டம் இருக்கும்மா. அதுல."

கோர்ட்டுக்குப் போகும்வரை தோட்டாக்கள் மாதா காலடியில் இருக்கட்டும் என்று அம்மா அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் ஆட்கள் புது வண்டியையும் புது வலையையும் மந்திரிக்காமல் தொட மாட்டார்கள், அதனால் அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அவர் டிராக்டர் கணக்கு முடித்து வருவதற்குள் அம்மா வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்ப் பாட்டிலைத் திறப்பாள். தோட்டாக்களைத் தலைகீழாக நிறுத்தி, திரியில் தொட்டு, ஒவ்வொன்றின் வட்டத்திலும் சிலுவை போட்டு, ஒரு சொட்டு விட்டு அப்படியே ஊற விடுவாள். பிறகு ஈரம் தெரியாமல் துடைத்துவிடுவாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கை தட்டிப் பாட்டில் சாய்ந்துவிட்டது.

"அம்மா, எண்ணெ படக் கூடாதுன்னு சொன்னேனே!"

"இது மாதா எண்ணெடி. மாதா எண்ணெ யாருக்காவது கெடுதல் பண்ணுமா? அப்பாகிட்ட வாயத் தொறந்த, பாத்துக்க."

அவள் கண் கலங்கியிருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு விவரமாகக் கேட்டுவிட்டு இப்படிச் செய்கிறாளே, அம்மாவுக்கு என்ன புத்தி கெட்டுப்போயிற்றா என்று இருந்தது.

அந்த நாள் வந்தது. மாமாதான் கார் ஓட்டினார். அப்பா இடுப்பில் ரிவால்வரோடு கிளம்பினார். அம்மா அன்று முழுக்க அடுப்பே பற்றவைக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடினாள். பொழுது சாயும்போது அப்பா வந்தார். சாட்சியை நன்றாகச் சொன்னாராம், எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவு மடக்கியும் அசரவில்லையாம். மாமாதான் சொன்னார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ரிவால்வரைத் திறந்து தோட்டாக்களை மேஜைமேல் கொட்டினார்.

அதில் ஒன்றின் அடியில், வட்டத்துக்கு நடுவில், மிளகு அளவுக்கு ஒரு குழி.

நான்தான் முதலில் பார்த்தேன். "அப்பா! இதுவும் செத்த தோட்டா!" என்று கத்தினேன். அம்மா வந்து அதை எடுத்தாள். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, "மாதாவே, என் தாயே" என்று ஓவென்று அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா அங்கேயும் சுட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார், அது வேலை செய்யவில்லை, இவள் எண்ணெய் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறாள்!

"உன்னாலதான்! அந்த ஆளு அப்பாவ அடிக்க வந்திருந்தா என்னா ஆயிருக்கும்? அப்பா செத்திருப்பாரு!"

அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவள ஒண்ணும் சொல்லாத பாப்பா" என்றார்.

மாமா எனக்குக் கல்யாணமான பிறகுதான் மீதியைச் சொன்னார். கோர்ட்டுக்குள் போகும்போது அப்பா ரிவால்வரைக் காரில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாட்சி சொல்லி முடித்து வந்து அதை எடுத்து, கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, எதிர்ப்புற டீக்கடைக்கு நடந்தாராம். டேங்கர்காரன் முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தானாம். மாமா கார்க் கதவைத் திறந்து ஓடுவதற்குள் அப்பா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "போலாம் மச்சான்" என்றாராம். அந்த ஆளுக்கு எதுவும் தெரியவே தெரியாது. கடைசியில் ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

"ரிவால்வர்ல இன்னும் தோட்டா இருந்துச்சு. ரெண்டாவது வாட்டி அவரு அமுக்கல" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. செபமாலை சொல்லும்போது, அம்மாமேல் இருந்த கோபத்தில் நான் பதில் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா தனியாகத் தொடங்கினாள். பதில் செபத்தைச் சொன்னது அப்பா. அத்தனை மாதம் வாய் திறக்காத மனிதர், முழங்காலில் நின்று, குரல் உடைய உடையச் சத்தமாகச் சொன்னார். வெடிக்காத தோட்டாவோடு போயும் தன் உயிர் தப்பியதே என்றுதான் அப்பா அழுகிறார் என்று நினைத்தேன்.