பேரை எடுத்துக் கொடுத்த ஜெபம்

சபையாரே, எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. காய்கறிக்காரரின் தராசைக்கூட இரண்டு தடவை உற்றுப் பார்க்கிறவள் நான். அந்தக் குணத்தால் நான் பட்ட பாட்டையும், ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்த விதத்தையும் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

போன ஐப்பசி மழையில் நடந்தது. முகையூரில் கடலைக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்த நான், முப்பத்தாறு வயதில் விழுப்புரத்தில் நூலக, ஆவண உதவியாளர் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். முடித்தால் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும் என்று அவ்வளவு ஆசை. பயிற்சிக்குத் திண்டிவனத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஆவண அறைக்கு அனுப்பினார்கள். கூடப் படித்த வளர்மதியும் வந்தாள்.

நடுவில் எனக்குக் கடும் காய்ச்சல். பத்து நாள் படுக்கை. திரும்பிப் போனால், பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடு ஒன்று அலமாரியில் இல்லை. அதற்கு நகலும் கிடையாது. நூலகர் மேடம் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

“அது கெடைக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் கையெழுத்து போட மாட்டேன்மா.”

அவர் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் இல்லை.

நான் எடுக்கவில்லை. அப்படியென்றால் வளர்மதிதான். நான் இல்லாத பத்து நாளும் அங்கே இருந்தவள் அவள்தானே? பெரிய பை வேறு கொண்டுவருவாள். ஊரில் ஏதோ நிலத் தகராறு என்று அவளே ஒருநாள் சொல்லியிருந்தாள். பதிவேட்டில் அவர்களுக்கு ஆகாத பேர் ஏதாவது இருந்திருக்கும் என்று நானே கதை கட்டினேன். அவள் கை கழுவப் போனபோது பையின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். வேகவைத்த மல்லாட்டையும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன. சரி, வீட்டில் ஒளித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பஸ்ஸில் கண்ணை மூடி, “இந்த வளர்மதி யாரென்று காட்டும் ஆண்டவரே” என்று கெஞ்சினேன். பேரையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வளர்மதி பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். “யக்கா, ஜல்தி வா.”

பழைய செய்தித்தாள் கட்டுகளை எல்லாம் இறக்கி வைத்திருந்தாள். அடியில், இரண்டு பலகைகளுக்கு நடுவே அந்தப் பதிவேடு. பக்கங்களுக்கு நடுவே காகிதம் செருகியிருந்தது. மேலே ஒரு சீட்டு: ‘ஈரம். காகிதம் மாற்ற வேண்டும்.’ என் கையெழுத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூரை ஒழுகிய சாயங்காலம், நனைந்த பதிவேட்டைப் பாரம் ஏற்றி வைத்தது நான்தான். எதை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு அட்டை வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரப் பாடம். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், அட்டை வைக்கவில்லை.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டினார், பிறகு இருவருக்கும் கையெழுத்துப் போட்டார். வளர்மதியிடம் பையைத் திறந்ததையும் சொல்லி அழுதேன்.

“தெரியும்க்கா. முடிச்சு வேற மாதிரி இருந்துச்சு. அதான் ஒவ்வொரு கட்டா எறக்கிக்கினு இருந்தேன். எம் பையில இல்லன்னு எனக்குத் தெரியுமே” என்றாள். மல்லாட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இன்றைக்கு என் கையில் சான்றிதழ் இருக்கிறது. தராசை இப்போதும் பார்க்கிறேன், ஆனால் ஒரு தடவைதான். உங்களுக்கு என்ன கஷ்டமானாலும் அவரிடம் கேளுங்கள், பயப்படாமல் கேளுங்கள். கேட்டதை அப்படியே கொடுக்கிறவர் அவர். வளர்மதி யாரென்று காட்டச் சொன்னேன். காட்டினார்.